பொன்னுதுரையின் கோணல் காசுகள்

பொன்னுதுரை போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. கெட்டவன் மேல் கோபம் என்றால் சுலபம், நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நல்லவன் மேல் கோபப்படுவதுதான் பெரிய தலைவலி. திட்ட வாயெடுத்தால் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

நான் கருணாகரன். மலாக்கா டவுனிலிருந்து காஜா பேராங் வழியாகப் புக்கிட் ரம்பாய் போகிற பஸ்ஸுக்கு டிரைவர். அதே பஸ்ஸில் பொன்னுதுரை கண்டக்டர். நான் முன்னால் பார்த்து ஓட்டுவேன், அவன் பின்னால் நின்று டிக்கெட் கிழிப்பான். எங்கள் சிநேகிதத்தில் முக்கால்வாசி என் தலைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் முகம் பார்த்துப் பேசிய சிநேகிதம். ஆள் ஒல்லி, நல்ல உயரம். பஸ்ஸுக்குள் தலை இடிக்காமல் நடக்கக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, வீதியில் நடக்கும்போதும் அந்தச் சாய்வு அப்படியே நின்றுவிட்டது.

பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவன் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர் திரும்பவில்லை. அம்மா வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டுகளைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சேர்த்திருந்தாராம். ஜப்பான்காரன் தோற்றதும் அந்த நோட்டெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆனது. "காயிதம் செத்துடும்ணே. காசு சாகாது" என்று அடிக்கடி சொல்வான். காசுமேல் அவனுக்கு ஆசை வந்தது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். ஆசை என்றால் செலவழிக்கிற ஆசையோ சேர்க்கிற ஆசையோ இல்லை. அது வேறு மாதிரி, சொன்னால் சிரிப்பீர்கள்.

தப்பாக அடித்த காசுதான் அவனுக்கு வேண்டும். ஓரம் கடித்தது போலப் பிறையாக வெட்டுப்பட்ட ஐந்து காசு. ராணி தலை நடுவில் விழாமல் ஓரத்துக்கு ஓடிப்போன பத்துக் காசு. ஒரே எழுத்து இரட்டையாக விழுந்த இருபது காசு. காசு அடிக்கும் இடத்தில் மிஷின் தடுமாறி, பார்க்கிறவன் கண்ணும் தப்பி வெளியே வந்துவிட்ட காசுகள். முதலில் கிடைத்தது அந்தப் பிறைக் காசு. எங்கள் கம்பெனி ஆபீசில் நல்லையா என்று கணக்குப் பார்க்கிற ஒரு கிராணி இருந்தார். சாயங்காலம் பையைக் கொட்டிக் கணக்குக் கொடுக்கும்போது அந்தக் காசைச் சுண்டி எறிந்தார்.

"இது செல்லாது. ஒன் கைக்காசப் போடு" என்றார்.

பொன்னுதுரை தன் சட்டைப் பையிலிருந்து ஐந்து காசு எடுத்துப் போட்டான். எறிந்ததைக் குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, லட்சக்கணக்கா காசு ஒரே மாதிரி வருது. இது ஒண்ணு மட்டும் எப்படியோ தப்பிச்சு வந்துருக்கு பாருங்க."

"தப்பிச்சு வந்ததுக்கு நீ ஏன்யா அபராதம் கட்டுற?" என்றேன். அவன் சிரித்தான். அன்றிலிருந்து எந்தக் கோணல் காசு வந்தாலும் கைக்காசைப் போட்டு அதை எடுத்துக்கொள்வான். பார்க்கக்கூட வேண்டாம், பைக்குள் விரலை விட்டதும் விரலே சொல்லிவிடும் என்பான். ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு போட்டு அதில் அடுக்கி வைத்தான்.

அவன் மனைவி ருக்மணி காஜா பேராங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மலாய்க்காரர் மாதிரி உடுத்துகிற மலாக்காச் சிட்டித் தமிழர் வீட்டுப் பெண்களுக்குக் கெபாயா என்கிற மலாய்ச் சட்டையும் நம் பெண்களுக்கு ரவிக்கையும் கையால் தைத்துக் கொடுப்பாள். கையூசியால் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்ப்பு. ஒரு தையல் மிஷின் வேண்டும் என்பது அவளுடைய ஒரே கனவு. கடைவீதிக்குப் போனால் மிஷின் கடை வாசலில் அவள் கால் தானாக நின்றுவிடும். உள்ளே போகமாட்டாள், கேட்கவும் மாட்டாள், நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாள். இதை எனக்குச் சொன்னதே பொன்னுதுரைதான். சொல்லும்போது அவன் முகம் சுருங்கிவிடும்.

அவள் அவன் காசுகளைக் கண்டால் எரிந்து விழுவாள். "ஊர்ல ஆம்பளைங்க கள்ளுக்கடையில காச அழிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு நல்ல காசக் குடுத்து நொண்டிக் காசு வாங்கிட்டு வராரு. கேட்டா சிரிக்கிறாரு. நீங்களாச்சும் கேக்கக்கூடாதா அண்ணே?" என்பாள். நான் கேட்டேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு என்ன ஆயிற்று?

பொன்னுதுரைக்கும் அது வலித்தது. எல்லார் முன்னாலும் சிரித்தாலும் அவளுடைய ஏளனம் மட்டும் அவனுக்கு உள்ளே போய்க் குத்தும். என்றைக்காவது ஒரு நாள் இந்தக் காசால் அவளுக்கு மிஷின் வாங்கித் தந்து, தான் பைத்தியக்காரன் இல்லை என்று அவளிடம் காட்டிவிட வேண்டும். அவன் வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் டின்னில் இருப்பது என்ன, ஏன் அதைச் சேர்க்கிறான் என்று ஒரு நாள்கூட அவளை உட்கார வைத்துச் சொன்னதில்லை. அவள் திட்டுவாள், அவன் டின்னை மூடிக்கொண்டு போய்விடுவான். என் கோபம் இங்கேயே ஆரம்பிக்கிறது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம். புக்கிட் ரம்பாயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், பஸ்ஸில் நல்ல கூட்டம். திடீரென்று மணி அடித்தது. நிறுத்தினேன். ஸ்டாப் இல்லை, வீடு இல்லை, இரண்டு பக்கமும் சதுப்பு. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பொன்னுதுரை ஒரு கையில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையைப் பார்த்தபடி சிலையாக நிற்கிறான்.

"என்னய்யா, யாரு எறங்கணும்?"

"யாரும் இல்லண்ணே, போங்க போங்க" என்றான்.

டவுனில் வண்டியை நிறுத்தியதும் ஓடி வந்து காட்டினான். ஒரு காசு, அந்தச் சதுரச் செம்புக் காசு. ஒரு பக்கம் ராணி தலை வழக்கம் போல மேடாக இருந்தது. திருப்பினால் மலாயா என்றும் ஒரு காசு என்றும் வருஷமும் இருக்க வேண்டும். எதுவும் இல்லை. அங்கேயும் அதே ராணி தலை, பள்ளமாக, எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. உள்ளங்கையில் அழுத்தி எடுத்த தடம் மாதிரி இருந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது என்றால் அவனைச் சொல்லவா வேண்டும்?

ஹீரன் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்த லிம் பாபாவை எனக்குப் பழக்கம். அவனை அங்கே கூட்டிப்போனேன். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற பாபாச் சீனர், வயதானவர், மலாயில்தான் பேசுவார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, அதை எடுக்காமல் அடுத்த தகட்டை வைத்து அடித்திருக்கிறார்கள், அந்தக் காசின் முகமே இதில் பள்ளமாகப் பதிந்துவிட்டது என்று விளக்கினார். இத்தனை வருஷ வியாபாரத்தில் இந்தச் சதுரக் காசில் இப்படி ஒன்று தன் கைக்கு வந்ததில்லை என்றார்.

"ஒரு வெள்ளைக்காரத் துரை இருக்கிறார். தோட்டத்தைக் கொடுத்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறப்போகிறார். இந்த மாதிரிக் காசுக்கு உயிரை விடுவார். வர்ற சனிக்கிழமை கடைக்கு வருகிறார், நீயும் கொண்டு வா" என்றார். அவர் சொன்ன விலையில் ஒரு புது மிஷினே வாங்கலாம். பொன்னுதுரை மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

புறப்படும்போது பாபா விரலை ஆட்டிச் சொன்னார். "தேய்க்காதே. எண்ணெய் தொடாதே. அந்தக் கறுப்பும் பழுப்பும்தான் அதற்குத் தோல். தோல் போனால் ஒன்றும் இல்லை."

"தெரியும் பாபா" என்றான் பொன்னுதுரை. அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவன் ஒரு காசைக்கூடத் தேய்த்தவன் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் முதல் முறையாக ருக்மணியிடம் காசைக் காட்டினான். விலையைச் சொன்னான், மிஷின் என்றான். மீதி டின்னில் இருப்பதையும் பாபாவிடம் காட்டி ஒவ்வொன்றாக விற்றால் மகள் விஜயாவை சீனியர் கேம்பிரிட்ஜ் பரீச்சை வரைக்கும் படிக்க வைத்துவிடலாம் என்றான். ருக்மணி முதலில் நம்பவில்லை. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். "இத்தன நாளு ஒங்கள என்னென்னமோ பேசிட்டேனே" என்றாளாம். இதை மறுநாள் பஸ்ஸில் கண்ணாடி வழியாக எனக்குச் சொன்னபோது பொன்னுதுரையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தோற்றான்.

வியாழக்கிழமை ராத்திரி அந்தக் காசைச் சாமி தட்டில் வைத்தான். நல்ல விலைக்குப் போகிற பொருள் வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்று நம் ஆட்கள் நினைப்பதுதானே. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடியற்காலை முதல் கடைசி வண்டி வரைக்கும் வேலை. ருக்மணியிடம், "தட்டுல இருக்கு, பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டான். தேய்க்காதே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தேய்க்கமாட்டான் என்பதால் யாரும் தேய்க்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலையில் அவனைக் கூட்டிப்போக நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் லீவு போட்டிருந்தோம். பொன்னுதுரை தலை சீவி, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். ருக்மணி உள்ளேயிருந்து ஒரு வெற்றிலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வெற்றிலை மேல் காசு. அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, பொட்டின் மேல் குங்குமம்.

காசு புது மணப்பெண் மாதிரி மின்னியது. அந்தப் பழுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இளஞ்சிவப்பாக, கண்ணைக் கூசும்படி பளபளத்தது.

"நேத்து வெளக்கு தேய்ச்சேன்லா, அப்பதான் தட்டுல இதப் பார்த்தேன். கறுத்துப்போய் கெடந்துச்சு. சாமிக்கு முன்னால வெச்சத இப்படியா வெக்கிறது? நாளைக்குத் தொர கையில போற காசாச்சே. புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேய்ச்சேன் அண்ணே. அந்தப் பள்ளத்துல இருக்குற மூஞ்சிதான் லேசுல வரல. ஈர்க்குச்சியில துணியச் சுத்தி மெதுவா மெதுவா விட்டுத் தேய்ச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. இப்பப் பாருங்க!"

அவள் கண்ணில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் பொன்னுதுரையைப் பார்த்தேன். அவன் அந்தக் காசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நல்லாருக்கு ருக்கு. ரொம்ப நல்லாருக்கு" என்றான்.

பாபா கடையில் துரை காத்திருந்தார். காசை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. பாபாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், காசைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார். அதில் கோபமோ அவமரியாதையோ இல்லை. அவருக்கு அந்தக் காசில் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"சாயாங்" என்றார் லிம் பாபா. ஐயோ பாவம் என்று அர்த்தம். "தோலை உரித்துவிட்டாயே. கோடு கோடாகக் கீறல் வேறு. ஐந்து வெள்ளிப் பணம் தருகிறேன், அதுவும் நீ வந்து நிற்கிறாயே என்பதற்காக."

பொன்னுதுரை வேண்டாம் என்று காசை எடுத்துக்கொண்டான். திரும்பி வரும்போது காஜா பேராங் மாரியம்மன் கோயிலுக்குள் போனான், நான் வாசலிலேயே நின்றேன். உண்டியலில் காசு விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "சாமிக்காகத் தேய்ச்சது, சாமிகிட்டயே இருக்கட்டும்ணே" என்றான்.

"இப்ப வீட்டுல என்னய்யா சொல்லப்போற?"

"வித்துடுச்சுன்னு சொல்லப்போறேன்."

நான் வழி நெடுகச் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லு, ஒரு நாள் அழுவாள், மறுநாள் எழுந்து உலை வைப்பாள், ருக்மணி அப்படி உடைந்து போகிறவள் இல்லை என்றேன். அவன் கேட்கவில்லை. "எத்தன வருஷத்துக்கு அப்பறம் என் காச அவ கையால தொட்டிருக்கா. ஒரு மணி நேரம் ஒக்காந்து தேய்ச்சிருக்கா. அவகிட்டப் போயி நீதான் கெடுத்துட்டன்னு சொல்லவா?" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது? யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலமே தன் சைக்கிளை விற்றான். அது அவனுடைய ஒரே சொத்து. அந்தப் பணத்தோடு கையிருப்பையும் போட்டு, புங்கா ராயா வீதிப் பக்கத்தில் ஒரு சீனத் தையல்காரன் மூடுகிற கடையிலிருந்து பழைய மிஷின் ஒன்றை வாங்கினான். நானும் அவனும் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் இறக்கினோம். புது மிஷின் வரத் தாமதமாகும், அதனால் பழசு என்று ஒரு கதை. சைக்கிள் எங்கே என்று கேட்டதற்கு, கடைவீதியில் நிறுத்தியிருந்தேன், எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான் என்று இன்னொரு கதை. ருக்மணி மிஷினின் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தாள்.

"நான் தேய்ச்சுக் குடுத்தது நல்லதாப் போச்சு, இல்லீங்க?"

இதோடு விட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், அதன் அளவு தெரியவில்லை.

"பின்ன? தொர அந்தப் பளபளப்பப் பார்த்துதான் அசந்துட்டாரு. நீ தேய்க்காட்டி பாதி வெலைகூட வந்திருக்காது" என்றான்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது குத்துவிளக்குக்கு முன்னால் வாழையிலை விரித்திருந்தது. அதன் மேல் டின்னில் இருந்த அத்தனை காசும் வரிசையாக, ஒன்று விடாமல் தேய்த்து, துடைத்து, பொட்டு வைத்து. பிறைக் காசு, ஓரத்துக்கு ஓடிய ராணி, இரட்டை எழுத்து எல்லாம். விஜயாவும் அம்மாவோடு உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள். ருக்மணியின் கையெல்லாம் புளி ஊறிச் சுருங்கியிருந்ததாம். "இனிமே எப்ப வேணும்னாலும் எடுத்துட்டுப் போயி விக்கலாம், எல்லாம் தயாரா இருக்கு" என்றாளாம்.

பொன்னுதுரை அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் காசு சேர்க்கவில்லை. பஸ்ஸில் நிற்பான், டிக்கெட் கிழிப்பான், சிரிப்பான், எல்லாம் பழைய மாதிரிதான். ஆனால் பைக்குள் கை விட்டு ஒரு வினாடி நிற்பானே, அந்த நிற்பது இல்லை. ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு காசை எடுத்தவன் சட்டென்று நின்றான், விரலால் தடவினான். என்ன காசோ, எப்பேர்ப்பட்ட தப்போ. எதிரே ஒரு சீனக் கிழவி மீதிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காசையே அவள் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

வண்டி நின்றதும் பிடித்துக்கொண்டேன். "என்கிட்டக் குடுய்யா, நான் என் வீட்டுல வெக்கிறேன். தேய்க்கிறதுக்கு ஆள் இல்ல, பயப்படாத."

"வேணாம்ணே. வீட்டுக்குக் கொண்டுபோனா அவ தேய்ப்பா. வேணாம்னா ஏன்னு கேப்பா. அவளுக்குத் தெரியாம வெளிய வெச்சா அது இன்னொரு பொய்யி. இருக்குற பொய்யே போதும்" என்றான்.

இப்படியே வருஷங்கள் போயின. காலையில் வீட்டிலிருந்து டிப்போ வரைக்கும் நடந்துதான் வருவான், மழையென்றாலும் நடைதான். ருக்மணியின் மிஷின் நிற்காமல் ஓடியது. டின்னை விற்கலாமே என்று அவள் கேட்கும்போதெல்லாம், விலை இன்னும் ஏறட்டும், விஜயா பெரிய வகுப்புக்குப் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். அவளும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டின்னைத் திறந்து மறுபடியும் தேய்த்து வைத்தாள். போன வருஷம் ஒரு மத்தியானம் புக்கிட் ரம்பாயில் வண்டியை நிறுத்தினேன். பின் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் இருக்கும். டவுனில் வண்டி எடுக்கப்போகிற நேரம், ருக்மணி ஏறினாள். மடியில் அந்த பிஸ்கட் டின். அவள் வீடு இருக்கிற காஜா பேராங் வந்தது. அவள் இறங்கவில்லை. புது கண்டக்டர் கேட்டதற்குப் புக்கிட் ரம்பாய் வரைக்கும் என்று காசு கொடுத்தாள். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள், புது ஆளும் கோப்பிக்கடைக்குப் போய்விட்டான். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து பின்னால் போனேன்.

"விஜயாவுக்குப் பரீச்சைக் கட்டணம் கட்டணும் அண்ணே. பாபா கடைக்குப் போனேன். நீங்க ரெண்டு பேரும் போன கடைதானே" என்றாள்.

நான் எதிர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன்.

"கெழவரு இல்ல, மகன்தான் இருந்தாரு. டின்னத் தொறந்து பார்த்தாரு. யாரு இதையெல்லாம் தேய்ச்சதுன்னு கேட்டாரு. நான்தான்னு பெருமையாச் சொன்னேன் அண்ணே. பெருமையாச் சொன்னேன். அவரு என்னப் பார்த்த பார்வை இருக்கே. தேய்க்காம இருந்தா நல்ல வெல, இப்ப இத பஸ்ஸுக்குக் குடுத்துடும்மான்னாரு."

வெளியே வெயில் கொளுத்தியது. அவள் டின்னின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தத் தொர வாங்குன காசும் நான் தேய்ச்சதுதானே அண்ணே? அத மட்டும் எப்படி வாங்குனாரு?"

இனி யாருக்காக மறைப்பது? "வாங்கலம்மா" என்றேன்.

"அப்ப மிஷினு?"

"சைக்கிள வித்தான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த சைக்கிள் திருட்டுப் போச்சுன்னு சொன்னாரே. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு அண்ணே. பாவம், மழையில நடக்குறாரேன்னு. மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு, எடுத்தவன் வெளங்கமாட்டான், அவன் ஆயுசு பாதியில போகணும்னு மண்ண வாரித் தூத்துனேன்."

டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு பக்கத்துலதான் நின்னாரு அண்ணே. என் கையில ஒட்டியிருந்த மண்ணக்கூட அவருதான் தட்டி விட்டாரு."